இரண்டாம் குரல்

மூவாயிரத்து எண்ணூறு ரூபாயாம்.
பெரம்பூரில் அன்றைக்குப்
பதினெட்டுக்கும் போணியாகாத இசைத்தட்டு.
ஜெர்மனியில் மறுபடி அச்சடித்திருக்கிறார்கள்,
மூன்று ஆல்பங்களையும், பெட்டி போட்டு.

அட்டையில் டெஸ்மண்ட் பெய்லி,
லோகோ ஒர்க்ஸ் ஃபிட்டர், கவ்பாய் தொப்பியோடு.
தொப்பி மூர் மார்க்கெட்டில் பேரம் பேசியது.
பின்னால் நிற்கும் குதிரை
வால்டாக்ஸ் ரோடு ஜட்கா வண்டியுடையது.
கன்ட்ரியையும் ராக்கையும் இந்தப் பக்கம்
முதலில் கலந்தவன் என்கிறது கையேடு.
எனக்குத் தெரிந்து அவன் கலந்தது
ரம்மில் கோலி சோடா.

கடைசிப் பக்கத்தில், எறும்பெழுத்தில்:
இரண்டாம் குரல், யாரென்று தெரியவில்லை.

பாண்டியம்மா. ரயில்வே ஆஸ்பத்திரி ஆயா.
ஜமாலியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே.
இங்கிலீஷ் பாதி புரியாது.
அவன் வாயசைவைப் பார்த்தே பாடினேன்.

மாடிவீட்டு இம்ரான் ஊசியை வைத்தான்.

மூன்றாவது பாட்டின் நடுவே
நாலரை மணிச் சங்கு ஊதும்.
ஓட்டுக் கூரை, ஒரே மைக்,
இன்னொரு முறை பாட டேப்புக்குக் காசில்லை.
இருக்கட்டும், அதுவும் வாசிக்கட்டும் என்றான் டெஸ்மண்ட்.

இப்போது சங்கைத் துடைத்துவிட்டார்கள்.
அது ஊதிய இடத்தில்
வழித்த சட்டிபோல் ஒரு வெறுமை.
அதற்குள், மெல்ல,
யாரோ மூச்சு இழுக்கிறார்கள்.

நான்தான்.
இருபத்திரண்டு வயசு,
கையெல்லாம் பினாயில் நாற்றம்,
அடுத்த வரிக்காக.

பாட்டு நின்றுவிட்டதென்று
ஊசியைத் தூக்கப் போனான் இம்ரான்.
இருடா, என்றேன்,
நான் இன்னும் பாடவேயில்லை.