பன்னிரண்டாம் நிமிடம்

படச்சுருள் ஒன்றுக்குப் பதினோரு நிமிடம்.
என் ஒலிநாடாவுக்குக் கொஞ்சம் ஆயுள் கூடுதல்.
இந்தக் கணக்கு தெரியாமல்தான்
கவ்ரிலாவின் பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள்,
மாராமுரெஷில், இஸா ஆற்றின் மேல்கரையில்,
பிளம் மரங்கள் பூத்து ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை.

ரொக்சாண்ட்ராவின் தோளில் காமிரா.
முக்காலி வேண்டாம் என்பது அவள் கட்சி.
மூச்சு விடுகிற உயரத்திலிருந்து பார்,
மூச்சு ஆடினால் படமும் ஆடட்டும் என்பாள்,
சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்கிற குரலில்.
தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸை
புக்கரெஸ்டிலேயே விட்டுவந்திருந்தாள்:
"சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதற்கு
பதினான்கு மணி நேர ரயில் எதற்கு?"

பராஸ்கா தலைமாட்டில் நின்றாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கறுப்புத் தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து
மறுபடி இறுக்கிக் கட்டினாள்.
கொட்டிலில் பசு கத்தியது.
யாரோ குதிரைக்குத் தண்ணீர் வைத்தார்கள்.
பாதிரியார் தொண்டையைச் செருமினார், இரண்டு முறை.
பதினோரு நிமிடம் இப்படியே கரைந்தது.

அவள் வாயைத் திறந்தாள்.
காமிராவின் வயிற்றுக்குள்
சுருளின் வால் படபடவென்று அடித்தது.

அதற்குமேல் நடந்தது என்னிடம் மட்டும் இருக்கிறது.
ரொக்சாண்ட்ரா புல்லில் மண்டியிட்டு
கறுப்புப் பைக்குள் முழங்கைவரை விட்டு
கன்றை இழுப்பவள்போல் சுருளை மாற்றிக்கொண்டிருக்க
என் காதுக்குள் பராஸ்கா:

கவ்ரிலா, கதவைச் சாத்தாமல் எங்கே கிளம்பிவிட்டாய்
புல்லறுக்க ஆள் சொன்னாய், கூலி பேசினாயா
இடது பூட்ஸில் ஆணி துருத்துகிறது என்றேன், கேட்டாயா
கவ்ரிலா, எழுந்து பார், பட்டணத்து ஆட்கள் வந்திருக்கிறார்கள்
ஒருத்தி பைக்குள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள்
ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு
என் வாய்க்கு நேரே கம்பை நீட்டுகிறான்
நேற்றிலிருந்து அவன் ஒன்றும் தின்னவில்லை
போகிற இடத்தில் கேட்டால் ஒப்புக்கொள்
வந்தவனைப் பட்டினி போட்டது நீ, நான் இல்லை

முற்றமே அழுதது. எனக்குச் சிரிப்பு.
கம்பு ஆடியது.
அந்த ஆட்டமும் நாடாவில் இருக்கிறது,
மாவு சலிப்பதுபோல.

புதுச் சுருள் ஏறியபோது பெட்டி வாசலைத் தாண்டிவிட்டது.
பந்தியில் எனக்கு மட்டும் இரண்டு தட்டு.

ஸ்டுடியோவில் தோழர் துதோரான் சொன்னார்:
மறுபடி போங்கள்.
அந்த விதவையை இன்னொரு முறை அழச் சொல்லுங்கள்,
பயணப்படி தருகிறேன்.
"பெட்டிக்குள் யாரைப் படுக்க வைப்பது, நீங்கள் வருகிறீர்களா?"
என்று கேட்டுவிட்டாள்.
ஆறு மாதம் அவளுக்கு வேலை இல்லை.
அப்போது எழுதிய நோட்டை எனக்குக் காட்டினாள்.
'அவர்கள்' என்று வந்த இடத்தையெல்லாம் அடித்திருந்தாள்.
பதிலுக்கு என்ன போடுவதென்று தெரியவில்லை போலும்;
வாக்கியங்கள் எழுவாய் இல்லாமலே நடந்தன.

குளிர்காலத்தில் பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளைத் துணி கட்டினோம்.
பராஸ்கா வாயைத் திறக்கிற இடத்தில்
திரை கறுத்தது.
நான்கு நிமிடம். வெறும் கறுப்பு பிலிமை ஒட்டியிருந்தாள்.
"கரண்டு போச்சு" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.
பிறகு அந்தக் குரல்.
இருட்டில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.
கம்பு நீட்டியவன் வந்ததும்
பெஞ்சுகள் கிறீச்சிட எல்லோரும் திரும்பி
என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.
புரொஜெக்டர் வெளிச்சத்தில்
மறைத்துக்கொள்ள என்னிடம் ஒன்றுமே இல்லை.

விளக்கு வந்தது.
ரொக்சாண்ட்ரா கைகளைப் பிசைந்துகொண்டு
பராஸ்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.
அழுகையைக் காட்டாமல் விட்டதற்கு
விளக்கம் ஒன்று தயாராக வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

"ஒரு இடத்தை மறுபடி போடு" என்றாள் பராஸ்கா.
"இருட்டா?"
"அது எனக்குத் தெரியும், நான்தானே சொன்னேன்.
குதிரைக்கு யாரோ தண்ணீர் வைக்கிறார்களே, அது.
அன்றைக்கு ஒரு வாளி காணாமல் போனது."

மூன்று முறை ஓட்டினோம்.
நீல வாளி, எனாமல், விளிம்பில் சொட்டை.
பிடித்த கை. ஒரு தோள்.
முகம் இல்லை; சட்டகம் அதற்குள் பசுவின் பக்கம் போய்விட்டது.

பராஸ்கா அந்தத் தோளை வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு,
பனியில் யாருடைய வீட்டுப் பக்கமோ
விறுவிறுவென்று நடந்தாள்.