விரிசல் விட்ட மூசை

நோவோசிபிர்ஸ்கில் சனவரி.
ஐந்து மணிக்கே சூரியன் கடையடைத்துவிட்டது.
தாய்சியா செனான் விளக்கைப் போடுகிறாள்.
இந்த ஆய்வகத்துக்கு அதுதான் வெயில்,
மீட்டர் ஓடும் வெயில்.

குடுவைக்குள் தண்ணீர்,
ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்.
நீரடித்து நீர் விலகாது என்பார்கள்.
இவள் ஒளியால் அடிக்கிறாள்
பதினோரு மாதமாக.
விலகியதெல்லாம் மறுநொடியே கைகோர்த்துத்
தண்ணீராகவே திரும்பிவிடும்.

இன்று
குழாய் நுனியில் ஒரு குமிழி.
அதன் பின்னாலேயே இன்னொன்று.
அப்புறம் எண்ண முடியவில்லை.
வரைதாளில் ஹைட்ரஜன் கோடு ஏறி ஏறித்
தாளுக்கு வெளியே எங்கோ போய் நின்றது.

என்ன மாற்றினாய், என்கிறான் அர்கீப்.
ஒன்றுமில்லை.
அதே உப்பு, அதே உலை, அதே ஆயிரத்து நூறு டிகிரி.
புது மூசைக்குப் பணம் வரவில்லை,
பழையதிலேயே சுட்டேன்.

உலையடியிலிருந்து அதை எடுத்துத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.
உள்சுவரில் நகக்கண் அளவு அரிப்பு.
அங்கிருந்த அலுமினியம்
தூளுக்குள் குடியேறிவிட்டது,
யாரையும் கேட்காமல்.

"திட்டமிட்டுச் சேர்த்தோம்" என்று
அர்கீப் அறிக்கை எழுத,
முதல் சொல்லை மட்டும்
தாய்சியா அடிக்கிறாள்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கடைசிப் பேருந்து போய்விட்டது.
மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.