நிலை இல்லாத கதவு

எட்டரை மணிக்கு என் மேசையில் கிடத்தினார்கள்.
நான்கு பேர், வெள்ளைக் கையுறை,
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பிணத்தைக்கூட இதைவிடச் சத்தமாகத் தூக்குவோம்
எங்கள் ஷுப்ராவில்.

"எஃகில் ஒரு தாங்கி வேண்டும், வதீ" என்றார் டாக்டர் இன்ஷிரா.
"மரத்தில் ஆணி படக் கூடாது.
ஆட்டம் தெரிய வேண்டும். மறுபக்கம் சுவரைப் பார்க்கட்டும்."

நான் வெல்டிங் ஆள். மரம் தெரியாது. அளந்தேன்.
உயரம் நூற்றுப் பதினேழு. அகலம் அறுபத்தொன்று.
குனியாமல் யாரும் நுழைந்திருக்க முடியாது.
நீளப் பலகைக்கு வழியில்லாத ஊர் போல;
அத்தித் துண்டுகளை முளையடித்துச் சேர்த்து
சுண்ணம் பூசி, மஞ்சள் தீட்டி
ஒரே மரம் என்று நம்பவைத்திருக்கிறார்கள்.
மேலே கஸாவும் மனைவி பூயாவும்
சொக்கட்டான் போல ஏதோ ஆடுகிறார்கள்.
காய் அவன் விரலில்.
எதிரே ஆள் இல்லை.

"நிலை எங்கே?"
"மலையிலேயே இருக்கிறது. கதவு மட்டும் வந்தது."

கீழ்க் குடுமியைத் தடவியபோது
ஒரு பக்கம் வழுக்கியது,
தீர்ந்துபோகும் சோப்புக் கட்டிபோல.

ஒருமுறை சாத்திய கதவு தேயாதே.

உருப்பெருக்கியோடு குனிந்தார் இன்ஷிரா.
"உள்ளே இருபது பேர்.
எல்லோரும் ஒரே நாளில் வரவில்லையே."
இருபது முறைக்கு இவ்வளவு தேயுமா என்றேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாவு விழாத நாட்களிலும்
யாரோ களிமண் முத்திரையை உடைத்திருக்கிறார்கள்.
பீர்ச் சாடியை ஒளித்துவைக்க. உளியைத் தேட.
வீட்டில் சண்டை போட்டுவிட்டு
வெயில் தாழும்வரை
தாத்தாவின் பெட்டிமேல் சாய்ந்து தூங்க.
பிறகு முத்திரையை ஈரமாக்கி ஒட்டிவிட்டு
ஒன்றும் தெரியாதவன்போல இறங்கிப்போக.

என் அண்ணன் ரிஃப்கியின் அறை
நான்கு வருடமாகச் சாத்தியிருக்கிறது.
கீலுக்கு எண்ணெய் விடுகிறேன்.
திறப்பதில்லை.

தாங்கி முடிந்தது. குடுமிக்கடியில்
வரைபடத்தில் இல்லாத ஒரு குழி வைத்தேன்,
கம்பளித் துணி உறைபோட்டு,
இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.

திறப்பு நாளில் கண்ணாடிக்கு முன்னால்
பள்ளிப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள்.
ஒருத்தி மூக்கை அழுத்தி, ஆவி படிய,
"இவங்க யாரோட ஆடுறாங்க?" என்றாள்.
காவலாளி பலகையைக் காட்டினார்.
அதில் உயரம், அகலம், மரம், ஆண்டு.

அப்போதுதான் உறைத்தது.
ஆட்டம் வரைந்தது உள்பக்கம்.
இருட்டைப் பார்த்திருந்த பக்கம்.
இந்த வரிசை முழுக்க,
தண்ணீர்ப் பாட்டிலும் பையுமாக,
கல்லறைக்குள் நின்று
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கஸா இன்னும் காயை வைக்கவில்லை.

வீட்டுக்குப் போனேன்.
அன்று எண்ணெய் விடவில்லை.
கைப்பிடி நான் நினைத்ததைவிடக் கீழே இருந்தது.