மழைப் பதிவேடு

காலை எட்டரைக்கு மழைமானியைத் திறப்பது என் வேலை.
கீழ்க்கோத்தகிரி எஸ்டேட் ஆபீசுக்குப் பின்னால்
மாடு நுழையாத கம்பி வேலிக்குள்
முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரக் குழாய்.
உள்ளிருக்கும் குப்பியை எடுத்து
அளவுக் கண்ணாடியில் ஊற்றி
கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும்.
மூட்டம் வழிந்து நின்ற ஒரு சொட்டு என்றால்
அதற்கு எண் கிடையாது.
'சுவடு' என்று எழுதுவோம்.

ஆறு வருஷமாக ஒரு நாள் விட்டதில்லை,
ஒரு புள்ளி கூட்டி எழுதியதில்லை.

இன்னொரு கணக்கு
அரிசி டப்பாவுக்கு மேலே காலண்டரில்.
கடைசிப் பென்சில் வட்டம் மார்ச் ஒன்பது.
பிறகு ஏப்ரல் தாள், மே தாள், ஜூன் தாள்,
பல்லி எச்சம் தவிர வேறொன்றுமில்லை.

மற்றவளுக்கு நாள் தள்ளினால்
மாங்காய் நறுக்குகிறார்கள்.
எனக்கு நாள் தள்ளித் தள்ளி
மலையைவிட்டே இறங்கிப் போய்விட்டது.

'முழுகாம இருக்கியா?'
இலை எடை போடும்போது கேட்கிறாள் செவந்தியக்கா,
தராசைப் பார்த்தபடி.
உண்மைதான்,
நூற்றுப் பன்னிரண்டு நாளாக முழுகவில்லை.
ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் நான் இல்லை.
யார் கட்டிய சொல்லோ,
என்னைப்போல் ஒருத்தியை நினைக்காமல் கட்டிவிட்டார்கள்.

கோடு பார்க்கும் அட்டையை
தெரிந்த முகம் இல்லாத குன்னூரில் வாங்கினோம்.
மூன்று அட்டை. மூன்றிலும் ஒற்றைக் கோடு.

பிறகு மேட்டுப்பாளையம்.
ஸ்கேனுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்து
அடக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள்.
கீழே இருப்பவர்கள் எழுதிய விதி அது.
வளைவுக்கு வளைவு
முன்சீட் கம்பியைப் பிடித்துக் காலைப் பின்னினேன்.
'மெதுவாப் போங்கண்ணே' என்றான் பாக்யநாதன்,
டிரைவரின் முதுகிடம்.
பஸ்ஸில் யாருக்கும் காரணம் புரியவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது,
சிரிக்கவும் முடியவில்லை.

டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார்.
'நீர்க்கட்டி மாதிரி தெரியுது. பாருங்க,
ஓரத்துல முத்துமாலை கோத்த மாதிரி.
தைராய்டும் ஒருவாட்டி பார்த்துடுவோம்.'
நகைக்கடையில் கேட்டிருக்க வேண்டிய பேச்சு.
பத்து நாள் மாத்திரை.
நிறுத்தினால் ஒரு வாரத்தில் வரும், வந்தால்
போன் பண்ணுங்கள் என்றார்,
பஸ் ஏறிய சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

நிறுத்திய ஆறாம் நாள்
குடோனில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.
அடிவயிற்றில் ஒரு இழுப்பு.
நாற்பத்தி மூன்றா, நாற்பத்தி நான்கா, விட்டுவிட்டேன்.
கழிப்பறையில் குந்தியிருந்து பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிள்ளைக்கு ஏங்குகிறவள்
இதைக் கண்டால் அழ வேண்டும்.
நான் ஈரச்சுவரில் கைவைத்துச் சிரித்தேன்.
மாத்திரை இழுத்து வந்தது, தானாக வந்ததில்லை.
தெரியும்.
தெரிந்துதான் சிரித்தேன்.

சாயங்காலம் பாக்யநாதன் ஒரே பையில்
செய்தித்தாள் சுற்றிய பொட்டலமும்
கால் கிலோ வர்க்கியும் கொண்டுவந்தான்.
'இது எதுக்கு?'
'சும்மா.'
டீயில் நனைத்துத் தின்றோம்.
இனி வேறு மாத்திரை, பன்னிரண்டாம் நாள் மறுபடி ஸ்கேன்,
மறுபடி அந்த வளைவுகள்.
அதையெல்லாம் அன்றைக்குப் பேசவில்லை.

மறுநாள் எட்டரைக்குக் குப்பியின் அடியில்
ஒரே ஒரு சொட்டு.
சுவடு என்று எழுதினேன்.

பத்து மணிக்கு இலை வந்தது.
காயாத என் கூந்தலை
செவந்தியக்கா ஒருமுறைதான் பார்த்தாள்.
மூட்டையை இறக்கிவிட்டு
என் முதுகைத் தடவினாள்.
'விடு கண்ணு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.'
கை கரடுமுரடாக, சூடாக இருந்தது.
நான் திருத்தவில்லை.
தராசு முள் பதினெட்டேகாலில் நின்றது.
அவள் பெயருக்கு நேரே
பதினெட்டரை என்று எழுதினேன்.