இராமபாணம்

சௌராஸ்தா சந்தை மாடியில்
பழைய பாடநூல்களுக்குப் பின்னால்
ஒரு பெட்டி நிறையத் தையல் தாள்கள்.
"எல்லாம் ரவிக்கை அளவு, கிலோ ஆறு ரிங்கிட்"
என்றார் மஸ்தான் கனி
கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்று வருடமாகத் தேடுகிறேன்.
ஈப்போவில் இறந்துபோன ஒருவரின் அலமாரி.
பட்டர்வொர்த்தில் பழைய இரும்புக் கடை.
கிள்ளானில் ஒருவர் இருக்கிறது வா என்றார்,
ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போனால்
அது ஸ்பிட்ஃபயர்.
எல்லாரிடமும் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது.

எனக்கு வேண்டியது ட்வின் பயோனியர்.
தூக்கிக் கட்டிய இறக்கை,
மடங்கத் தெரியாத கால்கள்,
ஒன்று போதாதென்று வாலில் மூன்று துடுப்பு.
காட்டுக்குள் சமன்செய்த துண்டு நிலத்தில்
மூட்டையோடு இறங்கி
மூட்டையில்லாமல் ஏறிய விமானம்.
அழகு என்று யாரும் சொன்னதில்லை.
அதனால்தானோ என்னவோ
யாரும் வரைபடத்தை எடுத்து வைக்கவில்லை.

பெட்டிக்குள் கைவிட்டேன்.
கழுத்து, முன்பக்கம், முதுகு,
யாரோ ஒரு பருத்த பெண்ணின் இடுப்பு,
அப்புறம் ஒரு கை.
நீளமான கை.
விரிக்க விரிக்க முடியாத கை.
நடுவே குறுக்குச் சட்டம்,
விலா விலாவாய் எண் போட்டு இருபத்திரண்டு.
கை இல்லை,
இறக்கை.

முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.
காட்டியிருந்தால் கிலோ அறுபதாகியிருக்கும்.
மேலே இரண்டு ரவிக்கையை வைத்து நிறுத்தேன்.
ஒரு ரிங்கிட் இருபது சென்.

கார்னாவன் தெருவில் நகல் எடுக்கும் ஊய்
சுருள் இயந்திரத்தில் விட்டு எடுத்துத் தந்தார்.
ஓரத்தில் ஒரு சின்னக் கோடு,
'இது ஆறு அங்குலம்' என்று தன்னைப் பற்றியே சாட்சி சொல்வது.
ஸ்கேலை வைத்தேன்.
நூற்று ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் வர வேண்டியது
நூற்று நாற்பத்தெட்டில் நின்றது.
தாளுக்குள் அடங்கட்டும் என்று
இயந்திரம் விமானத்தைச் சுருக்கியிருந்தது.
"மூணு விழுக்காடு, யாருக்குத் தெரியும்?" என்றார்.
பாயான் லெப்பாஸில் இரவெல்லாம்
நுண்ணோக்கிக்குக் கீழே
மயிரிழையைவிட மெல்லிய கம்பிகளைப் பார்ப்பவள் நான்.
எனக்குத் தெரியும் என்றேன்.
மறுபடி எடுத்தார், காசு வாங்கவில்லை,
பேசவும் இல்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசையை அடைத்துக் கிடந்தது.
அறைத்தோழி தவநேசி
தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டபடி
"இது பறக்குமா?" என்றாள்.
தாளில் பறக்கிறது என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
மூலத்தாளில், இறக்கைக்குச் சற்றுக் கீழே,
விரல் வைத்துத் தூக்கினால் விமானம்
மூக்கும் சாயாமல் வாலும் சாயாமல் நிற்கும் இடம்,
வட்டமிட்டுக் குறித்திருக்க வேண்டிய அந்த ஒரு புள்ளியில்
ஒரு ஓட்டை.
அரிசி அளவு, ஓரமெல்லாம் கடித்த தடம்.
இராமபாணம்.
பூச்சிக்கு இந்தப் பெயர் வைத்தவன்
குறி தவறாததைப் பார்த்துத்தான் வைத்திருப்பான்.
இருபத்திரண்டு விலாவையும் விட்டுவிட்டு
எது எதன்மேல் நிற்கிறது என்பதை மட்டும்
தின்றுவிட்டுப் போயிருக்கிறது.
நகலில் அது
ஒழுங்கான கறுப்புப் பொட்டாக விழுந்திருக்கிறது,
பொட்டு வைத்த இடமே சரியான இடம் என்பது போல.

தாளின் மூக்கருகே பென்சில் எழுத்து, மலாயில்:
ஈயம். இன்னும்.
'இன்னும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.
தேதி இல்லை, பெயர் இல்லை.
பறந்ததா என்றும் இல்லை.
எழுதியவர் எதையோ ஒருமுறை
தரையிலிருந்து பொறுக்கி எடுத்திருக்கிறார்,
அவ்வளவுதான் தெரிகிறது.

விடிகாலை வேலை முடிந்து வந்து
மறுபடி விரித்தேன்.
முதல் விமானம் கூரைக்கு மேல் ஏறியது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது,
மின்விசிறிக் காற்றில் தாளின் முன்புறம்
மெல்ல மேசையை விட்டு எழுந்தது.
கைக்கு எட்டியது கிச்சாப் புட்டி.
மூக்கின் மேல் வைத்தேன்.

வால் எழுந்தது.