ஏழு கிலோ

மல்லாவிச் சந்தையில் மீன் விற்கிற
பிலேந்திரனின் கொளுக்கித் தராசை
ஒரு இரவுக்கு இரவல் வாங்கினேன்.
பாக்கைக் கொளுவித் தூக்க
அறக்குளா மணக்கிறது.
கையோடு ஏழு கிலோதானாம்.
முள் ஏழு எண்ணூறில் ஆடுகிறது.

பத்து நிமிசத்தில் ஒரு வீட்டையே கட்டிச்
சைக்கிளில் ஏற்றிய கை இது.
ஒருதரம் ஆட்டுக்கல்லையும் ஏற்றினது,
ஏனென்று இன்னும் தெரியாது.
இப்ப பதினாறு நாளாய்
ஒரு பாக்கோடு மல்லுக்கட்டுகிறது.

காணி உறுதியின் பிரதி, மூக்குக்கண்ணாடி,
பிளேனுக்குள் குளிருமாம், ஒரு சுவெற்றர்,
தங்கச்சி கேட்ட எள்ளுருண்டை,
முழங்காலுக்குள் இரும்பு கிடக்குதென்று
கிளிநொச்சி டொக்டர் தந்த கடிதம்,
மெசின் கத்தினால் காட்ட.
இவ்வளவும் நான் வைத்தது.
டோச் லைற்றையும் நெருப்புப்பெட்டியையும்
ஒரு சரை உப்பையும்
மடித்த தறப்பாள் துண்டையும்
வைத்த ஞாபகமே இல்லை.

யதுசா ஒவ்வொன்றாய் வெளியே எடுத்தாள்.
"அம்மா, பிளேனுக்குள்ள
பங்கர் வெட்டப்போறீங்களோ?"
சிரித்ததில் எனக்குப் புரையேறியது.
முள் ஏழுக்கு இறங்கி நின்றது.

விடியத் தராசுக்கு வந்த பிலேந்திரன்
பாக்கைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.
"அக்கா, உது முன்னூறு கூடக் காட்டும்.
வெளியில சொல்லிப்போடாதேங்கோ."

அவன் போன பிறகு
முன்னூறு கிராம் இடம்
திறந்தபடி கிடந்தது.
யதுசா டோச்சை எடுத்து
சுவெற்றருக்குள் சுற்றி வைத்தாள்.
பற்றரி இரண்டையும் கழற்றித்
தன்ரை மேசை லாச்சிக்குள் போட்டாள்.