பாம்பாம்பள்ளம் தாண்டி

நீலத்துக்கு எட்டு கியர்.
வெள்ளைக்கும் எட்டு.
அஸ்கர் ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து
இரண்டு பக்கமும் நிரப்பிக்கொண்டு வந்திருந்தான்:
டிக்கியின் ஆழம், சர்வீஸ் செலவு,
குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கி
விரலுக்கு எட்டுகிறதா
தோலுக்குள் புதைந்து கிடக்கிறதா,
வரி கேரளத்தில் எவ்வளவு, கோயம்புத்தூரில் எவ்வளவு.
நான் கேட்டது ஒன்றுதான்.
சத்தம் எப்படி?

புதுநகரத்தில் எங்கள் சந்து திரும்பும் இடத்தில்,
பள்ளிவாசலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை.
ஊர்க்காரர்கள் வசூல் செய்து போட்டது,
வசூல் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது.
காலையில் நீலத்தை அதன்மேல் ஏற்றினேன்.
அடிவயிறு தேய்ந்த ஓசைக்கு
டீக்கடையில் நான்கு தலைகள் திரும்பின.
ஷோரூம் பையன் சுஜீஷ்
தன் விலாவில் உரசியதுபோல் கண்ணை மூடிக்கொண்டான்.
நோட்டில் ஏறியது: நீலம், தரை, மைனஸ்.

வெள்ளை உரசவில்லை.
கதவைச் சாத்தியதும் ஊர் ஊமையானது.
கஞ்சிக்கோட்டு இரும்பாலை லாரிகள்
மீன்தொட்டிக்கு வெளியே போகிற மாதிரி போயின.
அஸ்கர் தலையாட்டிக்கொண்டே எழுதினான்.
அந்த அமைதியில்
இஃபாவின் அழுகை மட்டும் தெளிவாகக் கேட்டது,
போனது முதல் வந்தது வரை.
கடைசியில் கேரட் மசியல்
சந்தன நிறத் தோல்மேல் வந்தது.
"சாரமில்ல சேச்சி" என்றான் சுஜீஷ்,
கைக்குட்டையால் துடைத்தபடி,
சாரம் நிறைய இருக்கிற முகத்தோடு.

அவளுக்குப் பதினொரு மாதம்.
எனக்கு வேலை மயக்க மருந்து கொடுப்பது.
பத்திலிருந்து பின்னால் எண்ணுங்கள் என்பேன்,
ஏழைத் தாண்டியவர்கள் குறைவு.
இவளைத் தோளில் போட்டு
ஆயிரத்து இருநூறு வரை எண்ணியிருக்கிறேன்.

சாயந்திரம், இன்னொருமுறை என்று கேட்டு
நீலத்தை வாங்கினேன்.
அவள் இருக்கை பின்பார்த்துப் பூட்டியதால்
முன்சீட்டில் அஸ்கருக்கு முழங்கால் டேஷ்போர்டில்.
பின்னால் சுஜீஷுக்கு முழங்கால் தாடையில்.
புறவழியில் ஏறி மிதித்தேன்.
மூவாயிரம் சுற்றில் அதற்கு ஒரு தொண்டை திறந்தது,
அடிக்குரல், கொஞ்சம் கரகரப்பு.
கணவாய்க் காற்று குறுக்கே தள்ளியும்
கோடு விடாமல் நின்றது வண்டி.
என் உள்ளங்கையில் பிரசவத்துக்கு முந்தைய எதுவோ
திரும்பி வந்து உட்கார்ந்தது.
சிரித்தேன் என்று அஸ்கர் பிறகு சொன்னான்.

"சேச்சி" என்று கிசுகிசுத்தான் சுஜீஷ்,
"பத்து கிலோமீட்டராக்கும் கணக்கு. இங்க திரும்பணும்."
பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில்,
"மோள் உறங்கிட்டா."

யாரும் எதுவும் பேசவில்லை.
திரும்பினால் வேகம் குறையும்,
குறைந்தால் தொண்டை மாறும்.
யானை கடக்கும் இடம் என்ற பலகைக்கு மட்டும்
பாதி மரியாதை செய்தேன்.
பாம்பாம்பள்ளம் டோலில்
தடுப்புக்கட்டை ஒரு மூச்சு தாமதித்தது.
இஃபாவின் உதடு அசைந்தது.
மூன்று பெரியவர்கள் மூச்சைப் பிடித்தோம்.
கட்டை ஏறியது.

வாளையார். சோதனைச்சாவடியில் லாரி வரிசை.
பலகைகளில் எழுத்து மாறியது,
சாலையின் நிறம் கொஞ்சம் மாறியது,
க.க.சாவடியில் பரோட்டாக் கல் தட்டும் சத்தம்
கண்ணாடி வழியே வந்துபோனது.
அவள் எழவில்லை.

அஸ்கர் பேனாவின் பித்தானை
இரண்டு கையாலும் பொத்தி அழுத்தி
நோட்டில் ஏதோ எழுதினான். வெகுநேரம் எழுதினான்.
ஸ்டியரிங் பக்கம் நீட்டிக் காட்டினான்.
கோட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை,
அந்தப் பக்கமும் இல்லை,
மேலேயே எழுதியிருந்தது:
ஜமாஅத்தில் பேசி
அந்த வேகத்தடையை நாலு விரல்
செதுக்கச் சொன்னால் என்ன?

பெட்ரோல் கால்பாகம் இருந்தது.
பின்னால் சுஜீஷ்
அதிரும் போனைச் சட்டைப்பையோடு சேர்த்து
நெஞ்சில் அமுக்கிக்கொண்டிருந்தான்.